ஜோடி குறைந்த புத்தகம்

அத்தியாயம் 12

போன வாரம் மோகனாவைக் கையில் கத்தரிக்கோலோடு மூன்று சாக்குப் பண்டல்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிற வீட்டில் பண்டலைப் பார்த்து யாரும் மலைக்கமாட்டார்கள். ஆனால் பண்டல் என்பது இந்த வீட்டிலிருந்து வெளியே போகிற சமாச்சாரம். போனது திரும்பி வந்தால், சாயம் ஒட்டிக்கொண்டது, அகலம் குறைந்தது என்று ஏதாவது வில்லங்கம் இருக்கும். அப்படி ஏதோ ரிட்டர்ன் சரக்கு என்று நினைத்துத்தான் மோகனா சாக்கின் தையலை வெட்டினாள்.

உள்ளே லுங்கி இல்லை. புத்தகங்கள்.

மேலே தடித்தடியாகச் சரித்திரம். அட்டைகளில் கோட்டை, குதிரை, தலைப்பாகை வைத்த சுல்தான்கள். அதற்கடியில் தத்துவம். அட்டையில் படமே கிடையாது. மனம், மெய், இருப்பு என்று எழுத்து மட்டும் பெரிதாக மிரட்டியது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒல்லியாக, பளபளவென்று, குழந்தைகள் புத்தகங்கள். ஒன்றில் கண்ணாடி போட்ட பூனை, ஒன்றில் ரயில் ஓட்டுகிற எலி, ஒன்றில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிற ஆமை. மூன்று பண்டலையும் பிரித்துப் பார்த்துவிட்டாள். மூன்றிலும் இதே கதைதான்.

அவளுடைய கணவர் சாமிநாதன் இத்தனை வருஷத்தில் விரும்பிப் படித்தது தினசரி காலண்டரில் ராகு காலத்தை மட்டும்தான். ஒரே மகள் பூங்குழலி ஆம்பூரில் ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவள் படிப்பதெல்லாம் போனில். இந்த வீட்டில் கடைசியாகப் பல் விழுந்து முளைத்தது பூங்குழலிக்குத்தான். அவளையே இன்று சாயந்தரம் பெண் பார்க்க வருகிறார்கள். அப்புறம் இந்த ஆமையும் எலியும் யாருக்கு?

இதாவது போகட்டும். மோகனாவை உறுத்தியது வேறொன்று. எல்லாப் புத்தகமும் இரண்டிரண்டாக இருந்தது. கோட்டை இரண்டு, மனம் இரண்டு, பூனை இரண்டு, ஆமை இரண்டு. ஒரு வீட்டுக்கு ஒரே புத்தகம் இரண்டு எதற்கு? இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இருந்தால்தானே இரண்டு வேண்டும்?

அந்த 'அங்கே' எங்கே என்பதுதான் மாதக்கணக்கில் அவளைத் தின்றுகொண்டிருக்கிறது. தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் சாமிநாதன் நூல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுப்பார். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார். ஒரு நாள் அவசரத்துக்கு மோகனா நூல் கடைக்குப் போன் செய்தபோது, அண்ணன் இந்தப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சே என்றார்கள். அதற்கப்புறம் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு கிளிப் கிடைத்தது. பட்டாம்பூச்சி வைத்த, சின்னப் பிள்ளைகள் தலையில் குத்துகிற கிளிப். அதை அவள் அரிசி டப்பாவில் புதைத்து வைத்திருக்கிறாள். கேட்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறி ஓடவில்லை. சத்தம் இல்லாத வீடு மோகனாவுக்குப் பழக்கமே இல்லை. மனசுக்குள் நினைப்பது கூட வெளியே கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

சாமிநாதன் தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தார். பண்டல் பிரிந்து கிடப்பதைப் பார்த்து அவர் திடுக்கிட்டிருந்தால் மோகனாவுக்குக் கொஞ்சம் திருப்தியாவது கிடைத்திருக்கும். அவரோ, நல்லதாகப் போயிற்று என்பது போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணாடி அலமாரியில இருக்கிற எவர்சில்வரையெல்லாம் எடுத்துட்டு இத அடுக்கிடு மோகனா."

"இன்னாங்க இது? யாருக்கு?"

"யாருக்குன்னா இன்னா சொல்றது? வீட்டுக்குத்தான்."

"எலி ரயில் ஓட்டுது. அதுவும் வீட்டுக்கா?"

சாமிநாதன் அந்த எலியை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் அது கொஞ்சம் புதிதாகத்தான் இருந்தது போல. இருக்கட்டும், எல்லாம் கலந்து இருந்தால்தான் அழகு என்று சொல்லி அதைக் கீழே வைத்தார். அதற்குமேல் கேட்டால் சாயந்தரம் வருகிறவர்கள் முன்னால் முகம் வாடித் தெரியும் என்று மோகனா வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து அடுக்கினார்கள். அடுக்குவது என்று வந்துவிட்டால் சாமிநாதனுக்கு ஒரே வழிதான் தெரியும். பெரியது அடியில், சின்னது மேலே, ஜோடி பிரியக் கூடாது. லுங்கிக் கடை மாதிரியே படுக்கை வசத்தில் அடுக்கு அடுக்காக ஏறியது. மேல் தட்டில் குழந்தைகள் புத்தகத்தை மோகனாவே வைத்தாள். பூனைமேல் பூனை, எலிமேல் எலி, ஆமைமேல் ஆமை. ஒவ்வொன்றை வைக்கும்போதும், இதைப் புரட்டப் போகிற கை எத்தனை பெரிய கையாக இருக்கும் என்று யோசித்தாள்.

மோகனா எவர்சில்வரை அடுக்களையில் வைத்துவிட்டு வந்தபோது, பூ வாங்கி வருகிறேன் என்று சாமிநாதன் கிளம்பிக்கொண்டிருந்தார். பூக்கடை தெருமுனையில்தான் இருக்கிறது. அதற்கு வண்டி எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அவர் போனதும் மோகனா மகளிடம் போனாள். பூங்குழலி தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் கூந்தலைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வாணியம்பாடி கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற கார்முகிலனை அவளாகத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜாதகமும் பொருந்திவிட்டது. பாகாயத்தில் இருக்கிற அவனுடைய அம்மா தீபலட்சுமி, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், சரி என்று சொல்லிவிட்டால் போதும்.

"ஏண்டி, கூடத்துல இருக்கிற புக்கெல்லாம் இன்னா?"

பூங்குழலி கூந்தலை முகத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டாள். எனக்கென்ன தெரியும், அப்பாவையே கேள் என்றாள். குரலில் ஒரு வழுக்கல் இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

ஆக, இவளுக்கும் தெரியும். அப்பனும் மகளும் சேர்ந்து மறைக்கிறார்கள். அப்பனுடைய ரகசியத்தை மகள் ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்றால் அது எவ்வளவு நாளாக நடக்கிறது?

கேசரிக்கு ரவையை வறுத்து இறக்கிவிட்டு அவள் அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்தப் புத்தகங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு தத்துவத்தை இழுத்து நடுவில் திறந்தாள். நாம் கண்ணால் காண்பதெல்லாம் உண்மைதானா என்று முதல் வரியே கேட்டது. மோகனாவுக்கு எரிச்சல் வந்தது. அதைத்தானே அவள் ராத்திரி பகலாக யோசிக்கிறாள். இதைக் கேட்க ஒரு ஆள் புத்தகம் வேறு எழுத வேண்டுமா?

மூடி வைத்துவிட்டு ஆமையை எடுத்தாள். படம் பார்த்தே படித்துவிடலாம். மழை வருகிறது, ஆமைக்குக் குடை வேண்டுமாம். கடை கடையாக ஏறி இறங்குகிறது. வழியில் ஒரு தவளை, முதுகிலேயே வீடு இருக்கும்போது உனக்குக் குடை எதற்கு என்று கேட்கிறது. மோகனா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல கேள்வி. ஆமை என்ன பதில் சொன்னது என்று பார்ப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. அவள் ஆமையை மேல் தட்டில் செருகிவிட்டு ஓடிப் போனாள்.

சாமிநாதன் திரும்பி வருவதற்குள் கேசரி ஆறிவிட்டது. கையில் இரண்டு பந்து மல்லிகை. கூட்டம் ஜாஸ்தி என்றார். கொண்டுபோன மஞ்சள் பையை மடித்து அடுக்களை வாசல் ஆணியில் மாட்டினார்.

நாலு மணி வாக்கில் வாசலில் கார் வந்து நின்றது.

தீபலட்சுமியைப் பார்த்ததும் மோகனா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். வெள்ளைப் பருத்திப் புடவை, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி, வகுப்பில் கடைசி பெஞ்சுவரை பார்த்துப் பழகிய கண்கள். கார்முகிலன் பின்னால் பூனை மாதிரி வந்தான். பூங்குழலி காபி கொண்டுவந்து கொடுத்தாள். பஜ்ஜியும் கேசரியும் நகர்ந்தன. வெயிலைப் பற்றியும் மேம்பால வேலையைப் பற்றியும் பேசி முடித்தார்கள்.

தீபலட்சுமி காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நேராகக் கண்ணாடி அலமாரிக்குப் போனார்.

போனில் பூங்குழலி சொன்னபோது தான் முழுசாக நம்பவில்லை என்றும், உண்மையிலேயே இத்தனை புத்தகம் இருக்கிறதே என்றும் அவர் சொல்ல, பூங்குழலி தரையைப் பார்த்தாள். மோகனா மகளைப் பார்த்தாள். இவள் போனில் என்ன சொன்னாள்?

தீபலட்சுமி தடியான ஒரு தத்துவத்தை எடுத்து சாமிநாதனிடம் நீட்டினார். "இத நான் படிக்க ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன். உங்களுக்கு இதுல எது பிடிச்சுது அண்ணா?"

சாமிநாதன் புத்தகத்தை வாங்கினார். திறந்தார். பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உரசிப் பார்த்தார், புதுத் துணியைப் பார்க்கிற மாதிரி. வீடே காத்திருந்தது. எங்கேயாவது ஒரு தறி ஓடக் கூடாதா என்று மோகனாவுக்கு இருந்தது.

"பேப்பர் நல்லா கெட்டியா இருக்குதுங்க," என்றார். அப்புறம் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "பொய் சொல்லி உங்க வீட்ல பொண்ணு குடுக்க எனக்கு மனசு வரல. நான் ஒண்ணுத்தையும் படிக்கலைங்க டீச்சர். எல்லாம் நேத்துதான் வந்துச்சு."

பிறகு மெதுவாக விஷயம் வெளியே வந்தது. வீட்டில் புத்தகம் உண்டா என்று தீபலட்சுமி போனில் கேட்டபோது, பதட்டத்தில் பூங்குழலி, அலமாரி நிறைய இருக்கிறது, அப்பா படிப்பார் என்று சொல்லிவிட்டாளாம். சொல்லிவிட்டு அப்பாவிடம் வந்து அழுதிருக்கிறாள். அம்மாவிடம் சொன்னால் பயத்தில் உளறிவிடுவாள் என்று அப்பாவும் மகளும் முடிவு செய்திருக்கிறார்கள். வேலூரில் அப்துல் சமத் என்று ஒரு பழைய தோஸ்த். முன்னே இவரிடம் லுங்கி எடுத்து விற்றுக்கொண்டிருந்தவர், இப்போது புத்தகக் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டிருக்கிறார் சாமிநாதன்.

"எனக்குத் தெரிஞ்ச ஆர்டர் ஒண்ணுதானுங்களே. லுங்கிக்கு சொல்ற மாதிரியே சொல்லிட்டேன். மூணு பண்டல், எல்லா டிசைனும் கலந்து போடு, பெரிய சைஸ் மேல, நடுவுல ஸ்டாண்டர்ட், அடியில கொஞ்சம் சின்னப் பசங்க சைஸ். டிசைனுக்கு ரெண்டு பீஸ்னு. சமத்தும் ஒண்ணும் கேக்காம அப்படியே கட்டி அனுப்பிட்டாரு."

சொல்லிவிட்டுத் தலை குனிந்தார். பூங்குழலி முகத்தை மூடிக்கொண்டாள்.

மோகனாவுக்கோ தலையில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. டிசைனுக்கு இரண்டு பீஸ். அவ்வளவுதானா? இந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்குக் கூடத் தெரிந்த கணக்கு அது. கடைக்காரன் ஒன்றைத் தொங்கவிட்டு ஒன்றை விற்பான். அவளே எத்தனை ஆயிரம் ஜோடி மடித்திருப்பாள்? அதைப் போய் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கணக்குப் போட்டு, காலையிலிருந்து வயிறெரிந்து, ஒரு எலியை முறைத்துப் பார்த்து... அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணம் நடக்குமோ நிற்குமோ என்கிற நேரத்தில் பெண்ணின் தாய் சிரிப்பதா என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமைகளுக்கும் இதே மாதிரி ஏதோ அசட்டுக் காரணம்தான் இருக்கும். அந்தக் கிளிப்புக்கும் இருக்கும். இப்படி ஒரு மனுஷரைப் போய் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மோகனா சிரிப்பை அடக்குவதற்குள் தீபலட்சுமி சிரித்துவிட்டார். தன் கணவர் உயிரோடு இருந்தபோது வீடு நிறைய வாங்கி அடுக்கினார் என்றும், பாதிக்குமேல் பக்கம் கூடப் பிரியாமல் அப்படியே கிடக்கிறது என்றும் சொன்னார். பிறகு சிரிப்பு அடங்கி, சாமிநாதனை நேராகப் பார்த்தார்.

"படிக்கிறது, படிக்காதது எனக்குப் பெரிசில்ல அண்ணா. மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் இன்னொரு பொய் சொல்லாம உண்மையச் சொன்னீங்க பாருங்க, அந்த வீட்டுப் பொண்ணுதான் எங்களுக்கு வேணும்."

கார்முகிலன் முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். பூங்குழலி அழுதுகொண்டே சிரித்தாள். மோகனா இன்னொரு தட்டு கேசரி கொண்டுவந்து எல்லோருக்கும் கேட்காமலே வைத்தாள்.

எல்லாம் இரண்டிரண்டாக இருக்கிறதே, ஒன்று நான் எடுத்துக்கொள்கிறேன் என்று தீபலட்சுமி உரிமையோடு அலமாரியைக் கிளறினார். சரித்திரத்தை விட்டார், தத்துவத்தை விட்டார். மேல் தட்டுக்குக் கை போனது.

"கீழ் வீட்டுப் பாப்பாவுக்குக் குடுக்கலாம். இந்த ஆமை நல்லா இருக்கு." எடுத்தவர் அடியில் பார்த்தார். பூனை இரண்டு இருந்தது, எலி இரண்டு இருந்தது. "அடடா, இதுக்கு மட்டும் ஜோடி இல்லியே?"

மோகனாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"கம்மியா கட்டியிருப்பாரு," என்றார் சாமிநாதன். சாதாரணமாக, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "வந்தப்பவே ஒண்ணுதான் இருந்துச்சு. சமத்த கேக்கணும்."

ஆமைமேல் ஆமை வைத்தது யார்? மோகனாவின் இந்த இரண்டு கைகள்தானே? பூ வாங்கப் போகும்போது அந்த மஞ்சள் பை அவர் கக்கத்தில் விறைப்பாக இருந்தது இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பூ வாங்கப் போகிற பை காலியாக அல்லவா தொங்க வேண்டும்?

தீபலட்சுமி ஆமையைக் கையில் வைத்துக்கொண்டு மோகனாவைப் பார்த்தார். சும்மா பார்த்தாரோ, கேட்கிற மாதிரி பார்த்தாரோ, அது அவருக்குத்தான் தெரியும். இன்னொரு பொய் சொல்லாத வீட்டுப் பெண் வேண்டும் என்று சொல்லி இன்னும் தட்டில் கேசரி கூடத் தீரவில்லை. பூங்குழலி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை மோகனா பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

"ஆமாங்க டீச்சர்," என்றாள் மோகனா. "நான்தான் பிரிச்சேன். ஒண்ணுதான் இருந்துச்சு."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஒண்டியாக இருப்பதை வாங்கக் கூடாது என்று தீபலட்சுமி ஆமையைத் திரும்ப வைத்துவிட்டுப் பூனையை எடுத்துக்கொண்டார். தட்டு மாற்றிக்கொள்ள ஒரு நல்ல நாளைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். கார் தெரு திரும்புகிறவரை எல்லோரும் வாசலில் நின்று கையாட்டினார்கள். பூங்குழலி போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மோகனா அடுக்களையில் டம்ளர்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். மகளுக்கு நல்லது செய்தோமா, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமா என்று ஒன்றும் புரியவில்லை. கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை.

சாமிநாதன் அடுக்களை வாசற்படியில் வந்து நின்றார்.

"நீ ரெண்டு பார்த்த இல்ல?" என்றார்.

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணுன்னு சொன்ன?"

"நீங்க ஏன் சொன்னீங்க?"

அவர் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மோகனா அரிசி டப்பாவைத் திறந்தாள். உள்ளே கைவிட்டுத் துழாவி, அந்தப் பட்டாம்பூச்சி கிளிப்பை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை ஊதிவிட்டு மேடைமேல் அவர் பக்கமாக வைத்தாள். அதைப் பார்த்ததும் சாமிநாதனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பயந்த முகம் இல்லை. ரொம்ப தூரம் சுமந்து வந்ததை இறக்கி வைக்க இடம் கிடைத்தவர் முகம்.

"நாளைக்கு என்கூட வர்றியா மோகனா?"

"எங்க?"

"அந்த இன்னொரு ஆமை இருக்கிற வீட்டுக்கு."

இத்தனை மாசமாக அந்த வீடு எங்கே என்று தெரிந்தால் போதும், தலைவிரி கோலமாகப் போய் நிற்பேன் என்று இருந்தவள் அவள். இப்போது கூப்பிட்டதும், வரவில்லை என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. போனால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது. மேலே மாடியிலிருந்து பூங்குழலி சிரிக்கிற சத்தம் இறங்கி வந்தது.

மோகனா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் புடவை கட்டிக்கினு வரணும்?" என்று கேட்டாள். "நல்லதுக்குக் கட்டுறதா, கெட்டதுக்குக் கட்டுறதா?"

சாமிநாதன் கிளிப்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கே தெரியல மோகனா," என்றார். "நீ வந்து பார்த்துட்டு சொல்லு."